மூக்குக்குள் ஒன்று நகருதுங்க

உடம்புக்குள் நடப்பதை வெளியில் இருப்பவர் நம்பும்படி சொல்வது எப்படி? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒருமுறை நம்பவைத்திருக்கிறேன், அதுவும் ஒரு வாளித் தண்ணீரின் தயவில்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். இரண்டாம் வகுப்பில் இருந்தேன். மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது, ரத்தமும் வந்தது. அம்மா தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். அங்கே மருந்து கொடுப்பவரை எல்லோரும் டாக்டரய்யா என்போம். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணு நகருதுங்க" என்றேன்.

அவர் அம்மாவிடம்தான் பேசினார். "ஸ்கூலுக்கு மட்டம் போட மூக்க நோண்டுறா. நகத்த வெட்டி விடு."

அம்மா வெட்டிவிட்டார், சதையை ஒட்ட.

மறுநாள் காலை, மலை ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரில் முகம் கழுவக் குனிந்தேன். என் மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று நீண்டு தண்ணீரைத் தேடியது. அட்டை! பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா பிடிக்கப் பாய்ந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"புடிக்காதீங்க மாமா! டாக்டரய்யா பாக்கணும்!"

"அடியே, அது ரத்தங் குடிக்குதுடி!"

"குடிக்கட்டும்!"

மாமா வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும். சாமி ஊர்வலம்கூட எங்கள் தோட்டத்தில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா கூடையோடு ஓடிவந்தார்.

டிஸ்பென்சரி வாசலில் வாளிக்கு மேல் முகத்தைத் தாழ்த்தினேன். அட்டை வரவில்லை.

"மாமனும் மருமகளும் சர்க்கஸ் காட்டுறீங்களா?" என்று டாக்டரய்யா சிரித்தார்.

வாடா, வாடா என்று மனதுக்குள் அட்டையைக் கெஞ்சினேன். வந்தது! பிள்ளைகள் போட்ட கூச்சலில் டாக்டரய்யாவின் சிரிப்பு நின்றது. இடுக்கியால் இழுத்துப் போட்டார்.

"இத முதல்லயே தெளிவா சொல்றதுக்கென்ன?"

"மன்னிச்சிக்குங்கய்யா, சின்னப் புள்ள" என்றார் அம்மா.

நான் குதித்துக்கொண்டிருந்தேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அடுத்த காய்ச்சலுக்கும் அவரிடம்தான் போகவேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் என் மகளை ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். வகுப்பில் மூச்சு அடைக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "கவனத்தை இழுக்க இப்படிச் சொல்றா. கண்டுக்காதீங்க" என்றார். "சரிங்க, நன்றி" என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் படித்தவர், சொல்வது சரியாகவும் இருக்கலாம். மறுபடி வரச்சொல்லியிருக்கிறார். போவதா, வேறொருவரைப் பார்ப்பதா? போனால், மகளை வைத்துக்கொண்டு அவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்.