மீன் கிடைக்கும் இடம்

எங்கள் நாயின் தளர்ச்சியை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் இடக் கண்ணில் வெண்படலம். பிறகு பின்னங்கால்கள் சிமெண்டுத் தரையில் வழுக்கின. பிறகு படுத்த இடத்திலேயே சிறுநீர். எங்கள் குடியிருப்பான பாக்கார் ஆராங்கில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. நாற்றம் எழுந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் மூடும் சத்தம் கேட்கும்.

என் கணவரின் மனத்தில் ஏற்பட்ட தளர்ச்சியை அப்படி வரிசைப்படுத்த முடியவில்லை. சாலையில் அடிபட்டுக் கிடந்த பூனைக்காகக் காரைத் திருப்பியவர் அவர். ஒரு சனிக்கிழமை காலை, தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"நாயத் தஞ்சோங் டாவாய்ல விட்டுடலாம். அங்க படகு ஜெட்டியில மீன் நெறைய கெடைக்கும். நல்லா இருக்கும் லா."

இங்கே இது வழக்கம்தான். வேண்டாத நாயைப் பாசார் சந்தையிலோ மீனவர் கிராமத்திலோ இறக்கிவிட்டு, தீனி கிடைக்கும் இடத்தில்தானே விட்டோம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"கண்ணு தெரியாததுக்கு யாருங்க மீன் எடுத்துப் போடுவா?"

"அதுக்கு மூக்கு இருக்குல்ல. உன் மூக்குதான் நாத்தத்துக்குப் பழகிப்போச்சு."

நானும் காரில் ஏறினேன். ஏறாவிட்டால் தனியாகப் போயிருப்பார்.

ஜெட்டியில் ஏற்கெனவே சில நாய்கள் விலா எலும்பு தெரியக் கிடந்தன. அவர் பின்கதவைத் திறந்தார். எங்கள் நாய் இறங்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த மலாய்ப் பெண் நிமிர்ந்து பார்த்து, இங்கே நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கத்தினாள்.

"தாக், தாக். மாவ் பெலி ஈக்கான்," என்று சிரித்தார். இல்லையாம், மீன் வாங்க வந்தோமாம். எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்! மீனும் வாங்கினார். மீனோடும் நாயோடும் திரும்பினோம்.

"அடுத்த வாரம் திகாம் பத்து ஊர்ப் பக்கம் பாக்கலாம். அங்க யாரும் கேக்கமாட்டாங்க," என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கும்போது நான் வெளியே போவதில்லை. காரின் சத்தம் கேட்டால் கிரில் கதவுக்கு ஓடி, நாய் கிடக்கிறதா என்று பார்க்கிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவரைத் திருடனைப் போல வேவு பார்க்கிறேன். கெட்டுப்போவது அவரோடு நிற்கவில்லை.

நேற்று ஞாயிறு. தேவாலயத்துக்குச் சேலை கட்டி, செருப்பும் மாட்டிவிட்டேன். முட்டி வலிக்கிறது என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போயிட்டு வாம்மா. நாய நான் பாத்துக்கறேன்."

குரலில் அன்பு இருந்தது. சொன்னது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

செருப்பைக் கழற்றினேன்.