புதினாக் கட்டு வந்த வழி

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த லேப் அம்மாவை நினைத்தால் அவருடைய தெர்மாகோல் பெட்டிதான் முதலில் கண்ணில் வருகிறது. துறை கொடுத்த பெட்டிக்கு மூடி வரவில்லை. மூடி கேட்டு நான் எழுதிய கடிதங்கள் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அவர் மருந்துக்கடையில் பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஐஸ் போட்டு, சோதனை மாதிரிகளை அதில்தான் எடுத்துப் போவார். இது நடந்தபோது, வேங்கிக்கால் அலுவலகத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியாக எனக்குக் கடைசி வருடம்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் கறி தொடாத ஊர் அன்று கோழிக்கடையில் வரிசை கட்டி நிற்கும். செவ்வாய்க்குள் ஒன்பது பேர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். எல்லோரும் செங்கம் சாலையில் கணவரை இழந்த ஓர் அம்மா தனியாக நடத்தும் மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். கோழி பிரியாணி, ஒரே மெஸ், ஒன்பது பேர். எனக்கு வேறென்ன வேண்டும்? சமையலை நிறுத்தச் சொல்லிவிட்டு, உரிமத்தை ரத்து செய்யும் உத்தரவை எழுத உட்கார்ந்தேன். பிரிவும் உட்பிரிவும் எனக்கு மனப்பாடம்.

"சார், பேனாவ மூடுங்க," என்றார் லேப் அம்மா. "ஒன்பது பேர்ல ஒருத்தர் தீபாவளி வரைக்கும் கறி தொட மாட்டேன்னு வேண்டிக்கினவரு. எலுமிச்ச சாதமும் வெங்காயப் பச்சடியும்தான் சாப்பிட்டாராம். அவருக்கு எப்படிங்க வந்துச்சு?"

"அதெல்லாம் ஃபாரத்துல கேக்கலம்மா."

"அதான் நான் கேக்குறேன். நீங்க எழுதிட்டா அந்த அம்மா பூட்டிக்கினு ஊருக்குப் போயிடும். அப்புறம் திருப்பிக் கூப்பிட எந்த ஃபாரம் இருக்குது?"

இல்லைதான். உத்தரவை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

கொதித்து வெந்த பிரியாணியைவிட, வேகாத பச்சடியின் மீதுதான் அவருக்குச் சந்தேகம். அதில் புதினா இருந்தது. கோழியோடு சேர்ந்து கடையிலிருந்து இலவசமாக வந்த கட்டு. கோழிக்கடைக்காரர் புரட்டாசியில் வியாபாரம் படுத்துவிடுவதால் புதினா, கொத்தமல்லி விற்பவர். மாதம் முடிந்ததும் மிஞ்சிய கட்டுகளைக் கறியோடு கொடுத்துவிடுவார். நாங்கள் போனபோதும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"வாடிப்போனா யாரு சார் வாங்குவா? கோழி கழுவுற தொட்டியில ஒரு முக்கு முக்குனா பச்சப்பசேல்னு ஆயிடுது. காசா வாங்குறேன்? ஃப்ரீயாதான குடுக்குறேன்!" பெருமையாகவே சொன்னார். கட்டு கொடுப்பதை அப்போதே நிறுத்தச் சொன்னேன்.

தொட்டித் தண்ணீர், புதினா, நோயாளிகளின் மலம் எல்லாம் பெட்டியில் ஏறின. முடிவு வர நாட்கள் ஆயின. அதற்குள் ஒன்பது பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். மெஸ் மட்டும் இருண்டு கிடந்தது. ஒரு மதியம் லேப் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சார், எல்லாத்துலயும் ஒரே சால்மொனெல்லா கிருமி. கோழியில இருந்து தொட்டிக்கு, தொட்டியில இருந்து புதினாவுக்கு. மெஸ்காரம்மா மேல தப்பு கம்மி சார். இலைய ஒரு வாட்டிதான் அலசிருக்குறாங்க, அவ்ளோதான்."

எவ்வளவு பெரிய மூச்சு விட்டேன் என்பது எதிரே இருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இழுப்பறையில் இருந்த உத்தரவைக் கிழித்தேன். கோழிக்கடைத் தொட்டிக்குப் புதிதாக ஒன்று எழுதினேன்.

செங்கம் சாலைக்கு நானே போனேன். அந்த அம்மா அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டி படுக்கை கட்டி வைத்திருந்தது. மூட வேண்டாம் என்றேன்.

"அப்போ நாளைக்கு அரிசி ஊற வைக்கட்டுமா சார்?"

"ஊற வைங்கம்மா," என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு மதியங்களில் எனக்கு அங்கேதான் சாப்பாடு. பச்சடியில் புதினா இருப்பதில்லை. நானும் கேட்பதில்லை.