கிளட்சும் அகிலாவின் இடது காலும்

என் தங்கை அகிலா எதையெல்லாம் ஜெயித்தாள் என்று கேட்டால் வரிசை தவறாமல் சொல்வேன். பன்னிரண்டு வயதில், வங்காளத்தில் துறைமுகத்தை ஒட்டி நாங்கள் வளர்ந்த கிடர்பூரில், மூட்டை ஏற்றிய கைவண்டி அவள் இடது பாதத்தின் மேல் ஏறி மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. இனி நொண்டித்தான் நடப்பாள் என்றார்கள். ஒரு வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தானே நடந்து போனாள். கட்டிக்கொண்டவன் இரண்டாம் வருடமே விட்டுவிட்டுப் போனான். அழுதாள், பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். உரிமத் தேர்வில் பாதத்தைப் பார்த்தே இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வந்த அதிகாரி பாதத்தைப் பார்க்காமல் வண்டி போன விதத்தைப் பார்த்தார். லேக் மார்க்கெட் டாக்சி ஸ்டாண்டில் இருந்த ஓட்டுநர்கள், "திதி, சமையலறை அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்கள். திதி என்றால் வங்காளத்தில் அக்கா. இன்று அவள் வரத் தாமதமானால் அதே ஆட்கள் எங்கள் மளிகைக் கடைக்கு வந்து, "திதி எங்கே?" என்று என்னிடம் விசாரிக்கிறார்கள்.

கிளட்சை அவள் முன்பாதத்தால் மிதிப்பதில்லை. குதிகாலால் அழுத்துவாள். செருப்பு இருந்தால் பெடல் எங்கே இருக்கிறது என்று குதிகாலுக்குத் தெரியாதாம். அதனால் வண்டிக்குள் இடது கால் வெறுங்கால், வலது காலில் மட்டும் செருப்பு. அவசரத்தில் ஒற்றைச் செருப்போடு இறங்கிக் கடைக்குள் வந்து நிற்பாள். தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வண்டி ஒரு வெள்ளை டீசல் கார். இரண்டாம் கையாக வாங்கியது. அவள் தேர்வில் இரண்டாம் முறை தவறியிருந்த நேரம் அது. லைசென்ஸ் இல்லாதவள் பெயரில் வண்டி எதற்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, பத்திரங்களை என் பெயரில் போட்டோம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். எனக்குக் கடை, அவளுக்கு ஓட்டம். யாரும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

அவளுக்கு நல்ல வருமானம் கயா சவாரிகளில்தான். ஊரிலிருந்து பித்ரு காரியத்துக்காக வரும் குடும்பங்களுக்கு, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற லக்ஷ்மிநாராயணன் சார் தங்கும் இடம், புரோகிதர், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பார். தமிழ் பேசும் பெண் ஓட்டுநர் என்பதால் பெண்கள் அகிலாவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். போகும்போது நான்கு பேர், பெட்டிகள். வரும்போது நான்கு பேர், பெட்டிகள், கங்கைத் தண்ணீர்க் கேன்கள்.

2024 மகாளய அமாவாசைக்குப் போய்த் திரும்பும்போது துர்காப்பூர் தாண்டி ஒரு லாரியை முந்தப் போயிருக்கிறாள். ஏசி ஓடுகிறது, வண்டி நிறையச் சுமை. பாதி லாரி கடந்த பிறகு இழுவை இல்லை. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. எதிரே பஸ். பிரேக் போட்டுத் திரும்ப லாரியின் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். பஸ்காரன் கண்ணாடியை உரசுவதுபோல் போனான். பின்சீட்டிலிருந்த ஒரு பெரியவர் மூச்சு வந்த பிறகு கேட்டாராம்: "ஏம்மா, வயசானது வண்டிக்கா, ஓட்டறவளுக்கா?"

அன்று இரவு அகிலா சாப்பிடவில்லை. மறுநாள் லக்ஷ்மிநாராயணன் சார் போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அகிலா, நான் உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா பெரியவாளெல்லாம் பயந்துட்டா. மார்கழியில ரெண்டு குரூப் வரது. வண்டியை ஏதாவது பண்ணு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும். தப்பா நெனச்சுக்காதே."

"சரி சார்" என்றாள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் "சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிடர்பூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும், எங்களைப் போலத் தமிழ் பேசும் இஸ்மாயில் பாய்தான் எங்கள் வண்டிக்கு எப்போதும் வேலை செய்பவர். அவருடைய அப்பாவும் எங்கள் அப்பாவும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை இறக்கியவர்கள். வடிகட்டி, குழாய், டர்போ என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "கோளாறு ஒண்ணும் இல்ல தங்கச்சி. சின்ன எஞ்சின். நீ ஒரு ஊரையே ஏத்திக்கிட்டுப் போற" என்றார். நியூ டவுனில் ராகுல் என்று ஒரு பையன் ரீமேப் செய்கிறான், அவனைப் போய்ப் பார் என்றும் அவரே சொன்னார்.

ராகுல் வங்காளிப் பையன். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே ஒரு சின்ன ஷெட். எஞ்சினுக்கு மூளை மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, எப்போது எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்கிற கணக்கு அதில் இருக்கிறது, அதை லேப்டாப் வைத்து மாற்றி எழுதினால் அதே எஞ்சின் கூடுதலாக இழுக்கும் என்று பொறுமையாகச் சொன்னான்.

"லாரியைத் தாண்டிடுமா?" என்று அகிலா கேட்டாள். அவள் வங்காளம் என்னுடையதைவிடச் சுத்தம்.

"தாண்டும் திதி. ஆனால் உங்கள் கிளட்ச் தாங்காது. ஆறு மாதத்தில் வழுக்க ஆரம்பிக்கும். கனமான கிளட்சாக மாற்ற வேண்டிவரும். பெடல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்."

"கொஞ்சம்னா?"

அவன் அவளுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இஸ்மாயில் சாச்சாவிடம் அப்படி மாற்றிய வண்டி ஒன்று நிற்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவசரம் இல்லை."

பிறகு ஒரு தாளை நீட்டினான். மாற்றம் என் சம்மதத்தோடு செய்யப்படுகிறது, பின்விளைவுக்கு நானே பொறுப்பு என்று எழுதியிருந்தது. வண்டி உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். அகிலா தாளை வாங்கி என் மடியில் வைத்தாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா நானே மாத்திர போட்டுக்கிடுதேன். என் வண்டிக்கு வந்தா அக்காவைல்லா கேக்கணும்" என்றாள். சிரித்தாள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த வாரமே கிடர்பூர் போனோம். ஒர்க்‌ஷாப்பில் விஸ்வகர்மா பூஜைக்கு வைத்த சிலையை இன்னும் கரைக்கவில்லை. அங்கே வேலை செய்யும் இந்துப் பையன்கள் வைத்தது. மாலை காய்ந்து கிடந்தது. இஸ்மாயில் பாய் ஒரு சாம்பல் நிறக் காரின் சாவியைக் கொடுத்தார்.

"ரொம்பத் தூரம் போகாத தங்கச்சி. பாலம் வரைக்கும் போயிட்டு வா. வண்டிக்காரன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"உம்ம குதிரை என்னைத் தள்ளிவிட்டுருமோன்னு பயமா பாய்?"

"குதிர தள்ளாது. லகான்தான் கனம்."

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினாள். வண்டி கிளம்பியதும் அவள் முகம் மாறிவிட்டது. லேசாக மிதித்தாலே முதுகைச் சீட்டோடு அழுத்தியது. "யக்கா, பாத்தியா! பாத்தியா இழுக்குத இழுவைய!" என்று சின்னப் பெண்போலக் கத்தினாள். ரொம்ப நாளாக அவளை அப்படிப் பார்த்ததில்லை. பைக்குள் இருந்த தாளை நினைத்தேன். இவள் கேட்டால் போட்டுவிட வேண்டியதுதான்.

பாலத்துக்கு முன்னால் லாரிகள் நின்றுவிட்டன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள், பஸ், நடுவில் கைவண்டிகள். ஒரு அடி நகரும், நிற்கும். மறுபடி ஒரு அடி. ஒவ்வொரு முறையும் கிளட்ச். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் ஓடிய பாட்டை அணைத்தாள். குதிகால் பெடலில் வழுக்கியது. திரும்ப வைத்தாள். தொடை நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது.

"விடுட்டி, ஓரமா நிறுத்து."

"எங்க ஓரம் இருக்கு? சும்மா இரு."

முன் லாரி நகர்ந்தது. அவள் இடது கையைத் தொடை மேல் வைத்து, கையால் காலை அமுக்கி, கிளட்சை மிதித்தாள். வலது கையில் ஸ்டியரிங். கியருக்குக் கை இல்லை. கியர் கம்பியை நான் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள். கால் நழுவியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. இன்னொருவன் தலையை வெளியே நீட்டி, "புது டிரைவரா பௌதி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டான். பதினோரு வருடமாக ஓட்டுகிறவளைப் பார்த்து.

அவள் மறுபடி கிளப்பினாள். அந்தப் பாலத்தைத் தாண்டித் திரும்பி ஒர்க்‌ஷாப் வந்து சேரும்வரை, கையால் காலை அமுக்கி அமுக்கியே ஓட்டினாள். வேறு யாரிடமும் சாவியைக் கொடுக்கவில்லை.

இஸ்மாயில் பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வந்தது. குதிகால் சிவந்து வீங்கியிருந்தது.

"ஆட்டோமேட்டிக் வண்டி பாக்கலாம் தங்கச்சி. கிளட்சே இல்ல. இடது காலுக்குச் சோலியே இல்ல."

"பாப்போம் பாய். இப்ப அதுக்கெல்லாம் வழி இல்ல. இந்த வண்டி இப்படியே இருக்கட்டும்."

"அப்ப கயா?"

"கயா போறவங்க போவாங்க. நான் ஏர்போர்ட்டு, காளிகாட்டு, தட்சிணேசுவரம்னு ஓட்டுதேன். அங்க லாரிய முந்த வேண்டியதில்ல."

அங்கேயே லக்ஷ்மிநாராயணன் சாருக்குப் போன் செய்தாள். மார்கழிக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வண்டியில் குறை இல்லை, தனக்கு நீண்ட தூரம் ஒத்துவரவில்லை என்றாள். அவர் மறுமுனையில் சமாதானமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "இல்ல சார், நான் தப்பா நெனைக்கல" என்று இரண்டு முறை சொன்னாள். அவளுக்குப் பிடித்த சவாரிகள் அவை. பெண்களோடு வழியெல்லாம் தமிழில் பேசிக்கொண்டே போகலாம் என்பாள். இந்த ஊரில் வீட்டையும் பாயின் பட்டறையையும் விட்டால் அவளுக்கு வேறெங்கும் அது கிடைப்பதில்லை.

எங்கள் வெள்ளை வண்டியில் திரும்பினோம். அதன் கிளட்ச் வெண்ணெய் மாதிரி என்றாள். ராஷ்பிஹாரி சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"யக்கா, நான் வேணும்னு சொல்லியிருந்தா கையெழுத்து போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன்."

"கால் போயிரும்னு தெரிஞ்சுமா?"

"நீ கேட்டா எப்பட்டி மாட்டேம்பேன்?"

"அதான் சரியில்ல." சிக்னல் விழுந்தது, குதிகாலைத் தூக்கினாள். "வேண்டாம்னு சொல்லுததுக்கு நான். வேணும்னு சொல்லுததுக்கு நீ. கால் என்னுது, பேரு உன்னுது. நான் தப்பு பண்ணாலும் என் பேருல பண்ணணும்லா."

களைப்பில் சொன்னாள், கோபத்தில் இல்லை. பைக்குள் இருந்த ராகுலின் தாளைக் கடையில் இறங்கியதும் கிழித்துப் போட்டேன்.

வண்டியை அவள் பெயருக்கு மாற்ற பெல்தலா போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்று முறை போனோம். ஒரு நாள் போட்டோ சரியில்லை, ஒரு நாள் கவுண்டர் மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் வரிசையில் நிற்க முடியாமல் அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் நான் கூப்பிட்டேன். விற்பவர் என்ற இடத்தில் நான் போட்டேன். வாகன உரிமையாளர் என்ற இடத்தில் அகிலா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். அன்று 2024 டிசம்பர் 4, புதன்கிழமை.