நாக்குக்குத் தெரியாத உப்பு

மண்ணின் ருசி எனக்குத் தெரியும். கடைமடைக் களிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் முதலில் ஒரு வழவழப்பு, பிறகு பழைய குடத்துத் தண்ணீரின் வாடை, அது எங்கள் வயல் மண்ணாக இருந்தால் கடைசியில் தொண்டைவரை இறங்கும் கரிப்பு. அப்பாதான் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு அது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில், இறால் கம்பெனிக்காரர்கள் குட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனதும் அந்த ஆண்டுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், நாடு கதவைத் திறந்துவிட்டது என்று ரேடியோவிலும் பேப்பரிலும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊருக்குள் திறந்துவிடப்பட்டது கடல்தான். "ஏற்றுமதி" என்ற சொல்லை டீக்கடையில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் நெல் வயல்களைக் குத்தகைக்குப் பிடித்து, கரை போட்டு, கழிமுகத்து உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து இறால் வளர்த்தார்கள். அப்பா ரொம்ப நாள் கொடுக்க மாட்டேன் என்றுதான் இருந்தார். பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் கொடுத்த பிறகு, சுற்றிலும் உப்புத் தண்ணீர் நிற்கும்போது நடுவில் நம் நெல் மட்டும் எப்படி நிற்கும் என்று சொல்லி எங்கள் ஆறு மா நிலத்தையும், அதாவது இரண்டு ஏக்கரையும், கொடுத்தார். பிறகு இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது, மோட்டாரும் ஷெட்டும் காவல்காரனும் ஒரே வாரத்தில் மாயம், பூத்துக் கிடந்த வெறும் உப்பு வெள்ளையை வயல் என்று சொல்லி எங்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் மறுபடி நெல் விளைந்தால் அப்பா ஊரில் இருப்பார், விளையாவிட்டால் வளைகுடாவுக்குப் போவார் என்பது எங்கள் வீட்டில் பேசி முடிவான விஷயம். ஏஜெண்டு அதற்குள் ஒருமுறை வந்து டீயும் குடித்துவிட்டுப் போயிருந்தான்.

தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் யாரும் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வேதியியல் டீச்சரின் சட்டம். நான் அதை வீட்டுப் பத்தாயத்தின் மேல் சாக்பீஸால் எழுதினேன். பத்தாயம் என்பது நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி. ஆள் உயரத்துக்கும் மேலே, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்பக்கப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருந்ததால், பலகைக்கு ஒரு வரிசை என்று அட்டவணை அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. விளைச்சல் காலமாக இருந்தால் அம்மா என் கையை முறித்திருப்பாள். வெறும் பெட்டிதானே, எழுதிக்கொள் என்று விட்டுவிட்டாள்.

முழுக்க வெறும் பெட்டி என்றும் சொல்ல முடியாது. பத்தாயத்தைத் துடைத்து எடுக்கக் கூடாது, அடியில் ஒரு மரக்கால் நெல்லாவது கிடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வோர் அறுப்பிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். இறாலுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அறுத்த சம்பா நெல்தான் அப்போது அடியில் கிடந்தது, மாற்றிப் போடப் புது நெல் வரவில்லை. நான் செம்பு, துத்தநாகம் என்று சத்தம்போட்டு ஒப்பிக்கும்போது உள்ளே எலி ஓடும். அம்மா வந்து பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.

பிணைப்புப் பாடம் வந்ததும் எனக்கு வேதியியல் பயம் போய்விட்டது. வெளிச்சுற்று நிறைந்து யாரோடும் சேராத மந்த வாயுக்களின் பத்திக்கு எங்கள் பெஞ்சில் நாங்கள் "மிராசு வீடு" என்று பெயர் வைத்தோம், அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். சோடியத்துக்கு வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதைத் தள்ளிவிட்டால் நிம்மதி. குளோரினுக்கு ஒன்று குறை. கொடுத்ததும் வாங்கியதும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதுதான் உப்பு. ஆனால் தண்ணீரில் போட்டால் பிடி விட்டுப்போய் இரண்டும் தனித்தனியாகிவிடும் என்று புத்தகம் சொன்னது. அந்த வரியைப் படித்து நான் துள்ளிக் குதித்தேன், ஏனென்றால் அப்பா வயலில் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

ஆற்றில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர ஆடி முடிந்துவிடும். வந்ததும் அப்பா வயலில் முழங்கால் அளவு தண்ணீர் கட்டினார், சேறடித்தார், நிற்கவிட்டு வடிகாலில் வடித்தார், மறுபடியும் கட்டினார். ஒவ்வொரு முறை வடித்த பிறகும் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து எனக்கும் ஒரு சிட்டிகை தருவார். எங்கள் ஊர் விவசாயிகள் எந்த மண்ணையும் நாக்கில் வைத்தே ரகம் சொல்லிவிடுவார்கள், காவிரித் தண்ணீர் கழுவாத அழுக்கு கிடையாது என்றும் நம்புவார்கள். கரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அப்பா மண்ணைத் துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

"சப்புன்னு இருக்கு பாப்பா. உப்பு போயிடுச்சு," என்றார்.

அந்த வாரம் வந்த ஏஜெண்டை அவர் உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். அம்மா பாயசம் வைத்தாள்.

நட்ட நாற்று பச்சை பிடிக்கவே இல்லை. நுனி கருகி, வேர் இறங்காமல், இழுத்தால் கையோடு வந்தது. ஐப்பசி மழை சிமெண்டுத் தரையில் நிற்பதுபோல வயலில் கலங்கலாக நின்றது, தை மாதம் காய்ந்தபோது கடப்பாரை இறங்கவில்லை. அப்பா மறுபடியும் மண்ணை நாக்கில் வைத்தார், கரிக்கவில்லை. அதுதான் அவரைப் பைத்தியம் பிடித்தவர் மாதிரி ஆக்கியது. இல்லாத உப்பு எப்படிப் பயிரைக் கொல்லும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார்.

வேளாண் அலுவலகத்துக்கு மண்ணை எடுத்துக்கொண்டு அவரோடு நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். குளோரின் தண்ணீரோடு போய்விடும், சோடியம் போகாமல் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதை அங்கிருந்து கிளப்பக் கால்சியம் வேண்டும், ஆகவே முதலில் ஜிப்சம் போட்டுப் பிறகுதான் கழுவ வேண்டும். வெறும் நல்ல தண்ணீரைக் கட்டினால் களிமண் குழைந்து அதன் துளைக்கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

"தண்ணிய முதல்ல கட்டிட்டீங்களே," என்றார்.

இனியும் சரிசெய்யலாம், ஆனால் ஊரே சேர்ந்து வடிகால் வெட்டிச் செய்ய வேண்டும், பல வருஷம் பிடிக்கும் என்றார். ஊரில் பாதிப் பேர் அதற்குள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பத்தாயத்தைப் பார்த்தேன். சோடியத்துக்கு அடுத்த பத்தியில், ஒரு பலகை கீழே, கால்சியம் இருந்தது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அப்பாமேல் இல்லை. மண்ணைக் கெடுக்க அத்தனை பேரை ஊருக்குள் விடத் தெரிந்தவர்களுக்கு, மருந்தைச் சொல்ல ஒரே ஒரு ஆளைக் கொஞ்சம் முன்னால் அனுப்பத் தெரியவில்லையே என்ற கோபம்.

ஏஜெண்டை இந்தமுறை அப்பாவே தேடிப் போனார். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் குழாய் கழுவும் வேலை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து எங்களைக் கூப்பிடச் சொல்லிப் பேசுவார்.

"இங்க கடல்லேருந்தே உப்பப் பிரிச்சு எடுத்துடுறாங்க பாப்பா," என்றார் ஒருமுறை. லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவர் அங்கே வெயிலில் வேலை செய்தபடியே விழுந்து இறந்தார். அவரைச் சுமந்த பெட்டி சென்னையில் இறங்கி வேனில் ஊருக்கு வந்தது. வாய்க்கரிசி போடும் நேரத்தில் யாரோ தட்டில் அரிசி கொண்டுவந்தார்கள். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"கடை அரிசி வேணாம். அவங்க வயலு நெல்லு உள்ள கெடக்கு."

பத்தாயத்தின் பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். எலி தின்றதும் அந்து அரித்ததும் போக மிச்சம் பெரும்பாலும் பதர்தான். முறத்தில் புடைத்து, உரலில் இடித்து, நொய்யும் தூசியும் நீக்கியதில் ஒரு பிடி அரிசி தேறியது. அத்தனை மண்ணை ருசி பார்த்த அந்த வாயில் அதைப் போட்டோம்.

நான் இப்போது சென்னையில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அயனிப் பிணைப்புப் பாடத்தில் உப்பு தண்ணீரில் கரைந்து பிரிந்துவிடும் என்ற வரி வரும்போது, பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டு மண்ணில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வதில்லை. ஆறு மாவிலும் சீமைக் கருவேலம் காடாக நிற்கிறது. பத்தாயம் கூடத்தில் இருக்கிறது, சாக்பீஸ் எழுத்து போய்விட்டது. அம்மா இருந்தவரை, ஒரு மரக்கால் நெல் வாங்கி அதன் அடியில் போடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். வாங்கின நெல்லை அதில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இப்போது அது வெறும் பத்தாயம்.