இஞ்சின் ஆறும்வரை மூன்று டீ

இன்று என் பழைய பைக்கை விற்கப் பார்த்தேன்.

இஞ்சினுக்குள் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்துவிட்டது. இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம் வரும், சூடானால் அடங்கிவிடும். அதனால் வாங்குபவர் வருவதற்குள் எங்கள் ஏரியா ஈஜிபுராவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து, என் கடை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி பார்க்க ஆஸ்டின் டவுனிலிருந்து வந்த அம்மா சாவியைக்கூடக் கேட்கவில்லை. நேராக இஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"ரெண்டு நாளா வண்டிய எடுக்கவே இல்லன்னு ஃபோன்ல சொன்னீங்களேண்ணா. சுடுதே?"

"வெயில்மா."

"நிழல்லதானே நிக்குது."

என் ஸ்டூலையே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆறட்டும். எனக்கு இன்னிக்கு லீவுதான்."

இரண்டு மணி நேரம். மூன்று டீ, ஒரு பன், எல்லாம் என் உபசாரம்.

பிறகு அவரே ஸ்டார்ட் செய்தார். கடகடகட.

"டென்ஷனர மாத்திட்டு ஃபோன் பண்ணுங்கண்ணா, எடுத்துக்கறேன்" என்று எழுந்தார்.

அசந்துபோய், "நம்ம கடைக்குச் சரக்கு பாத்து வாங்கித் தர வர்றீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இங்க இன்னும் என்னென்ன சூடு பண்ணி வச்சிருக்கீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் விற்பது பிளாஸ்டிக் வாளி. அதைச் சூடு பண்ணினால் என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள்.