மாடி ரூமில் முன்பு இருந்தவர்

விருதுநகரில் நான் குடிவந்த மாடி ரூமில் எனக்கு முன்னால் ஒருத்தர் இருந்தார். அவர் காலி செய்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் தெருவில் யாருக்கும் அவர் போய்விட்ட நினைப்பே இல்லை. வந்த முதல் நாள் டீக்கடையில் போய் நின்றேன். "மாடி ரூமா? அப்ப நம்ம அண்ணாச்சிக்கு அடுத்த ஆளா?" என்றார் கடைக்காரர். ஐம்பதைத் தொடப்போகிற மனுஷனுக்குக் கிடைத்த அடையாளத்தைப் பாருங்கள், அண்ணாச்சிக்கு அடுத்த ஆள்!

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், "அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாம இந்த வண்டியத் தாண்ட மாட்டாக" என்றார். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா, "அவுக இருந்தப்ப படியில ஏறுற சத்தமே கேக்காது" என்றார். நான் ஏறுகிற சத்தம் கேட்கிறதாம். எனக்கு வயிறு எரிந்தது. முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதன்மேல் இப்படி வயிற்றெரிச்சல் படலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் பட்டேன், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு கோளாறு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டருக்குப் பிழை திருத்துவது என் வேலை. நாளெல்லாம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சாயங்காலம் ஆனதும் காது ஓய்ந்துவிடுவதில்லை. எங்கள் பக்கம் பேச்சில் 'ழ' வராது. மழை மளையாகிவிடும், பழம் பளமாகிவிடும். டீக்கடைக்காரர், "இன்னைக்கு மள வரும் போலருக்கே" என்பார். என் வாய் சும்மா இருக்காமல் "மழை" என்று சொல்லிவிடும். அவர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் ஆசைப்பட்டது பெரிய விஷயமில்லை. இரண்டு நாள் என்னைக் காணோம் என்றால், "அந்த ஆளு எங்கய்யா?" என்று ஊரில் யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும். ஒரே ஒருத்தர் போதும். அந்த மனுஷன் அதைத் தெரு முழுக்கச் சம்பாதித்து வைத்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல் எழுந்து போயிருக்கிறான்!

அப்படி என்னதான் பெரிய ஆள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. டீக்கடைக்காரர் கணக்கில் அவர் வத்தல் வியாபாரி, கூடப்பிறந்த அண்ணனே கடையை விட்டுத் துரத்திய அப்பாவி. இஸ்திரிக்காரர் கணக்கில் ரயில்வேயில் இருந்தவர், ஒரு சின்னக் கவனக்குறைவை மன்னிக்க முடியாமல் தானாகவே வேலையை விட்ட நேர்மையாளர். வீட்டுக்காரம்மாவுக்கோ அவர் பட்டாசு கம்பெனி ஃபோர்மேன், நிச்சயம் செய்த பெண் மஞ்சள் காமாலையில் போய்விட, அப்புறம் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஆளுக்கு ஒரு கதை. சொல்லி முடிக்கும்போது மூன்று பேருக்கும் குரல் கம்மியது.

"மூணு பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்காரும்மா" என்றேன் வீட்டுக்காரம்மாவிடம், பெரிய திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

"இருக்கட்டுமே. நீங்க வந்து நாலு மாசமாச்சு, உண்மையாவது ஏதாவது சொன்னீகளா?" என்றார்.

அண்ணாச்சி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதோடு சரி. "ஆனைக்குட்டம் அணைப்பக்கம் தனியாப் போயி நிப்பாக. உசுரோடதான் இருக்காகளோ என்னமோ" என்று டீக்கடைக்காரர் புலம்பினார். திரும்பி வந்தால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறாராம். நான் காய்ச்சலில் மூன்று நாள் மாடியில் கிடந்தபோது எனக்காக ஒருத்தரும் ஒரு முடியைக்கூட நேரவில்லை. அவன் செத்தே போயிருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். செத்துப் போயிருந்தால் இன்னும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்களே என்று தோன்றியதும், உயிரோடு இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டேன்.

பொறாமை ஆளை எவ்வளவு கீழே இறக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தினசரி காலண்டரில் தாளுக்குத் தாள் ராசிபலன் ஒற்றை வார்த்தையில் இருக்கும். மேஷம் லாபம், ரிஷபம் பகை என்று. ஆடிப்பெருக்குக்குள் அடுத்த வருஷத்துக் காலண்டர் சாம்பிள் வெளியே போயாக வேண்டும் என்பதால் அப்போது மூச்சு முட்ட வேலை. அந்த மனிதருக்குத் துலாம் ராசி என்று வீட்டுக்காரம்மா ஒருநாள் சொல்லியிருந்தார். மறுநாள் என் கை தானாகவே ஒரு வாரத் தாள்களில் துலாத்துக்கு விரயம், விரயம், நஷ்டம், விரயம் என்று திருத்திவிட்டது. செக்ஷன் ஃபோர்மேன் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணாச்சி, என்ன பண்ணி வச்சிருக்கீக? நம்ம மொதலாளி துலாம்லா!"

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் காலைப் பஸ். ஆமத்தூரில் ஒருத்தர் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். மெலிந்த ஆள், அதிகம் பேச மாட்டார், ஆனால் அப்படிக் கேட்பார். நாம் சொல்லும்போது மோவாயைக் கையில் ஏந்திக்கொண்டு நம் வாயையே பார்ப்பார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். இந்த மாடி ரூமுக்கு நான் வருமுன்பே என் மனைவி கோயம்புத்தூருக்குத் தன் தங்கையிடம் போய்விட்டதையும் சொன்னேன். போகிற அன்று அடுப்படி மேடையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். 'கொளம்பு சுட வச்சுச் சாப்பிடுங்க. இனி இங்கன வாள என்னால முடியாது.' நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, குழம்பு என்றும் வாழ என்றும் திருத்திவிட்டுத்தான் அவளுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.

"எப்படிப்பட்ட பொம்பள பாருங்க, எம்புட்டு அழுத்தம்!" என்றேன் பஸ்ஸில் அவரிடம். மாடி ரூம் அண்ணாச்சியைப் பற்றியும் அவரிடம் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். "விடுங்க, அவரும் தனியாளுதான் போல" என்பார் மெதுவாக.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அவர் பஸ்ஸில் வருவது நின்றுவிட்டது. பேர்கூடக் கேட்டு வைக்காத என் புத்தியை நொந்துகொண்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை பூட்டியிருந்தது. அச்சகத்துக்குப் பின்சந்தில் ஓர் அக்கா வீட்டு முன்னறையில் மெஸ் நடத்துகிறார் என்று போனேன். மதியச் சாப்பாடு முடிகிற நேரம், என்னைத் தவிர யாரும் இல்லை. "கொளம்பு ஊத்தவா?" என்றார்.

"குழம்பு" என்றது என் வாய்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களும் புரூப் பாக்குற ஆளா? நம்ம கடையில ஒரு அண்ணாச்சி சாப்பிடுதாக, அவுகளும் அந்த வேலதான். பாவம், சம்சாரம் விட்டுட்டுப் போயிட்டாக."

நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அடுப்படி மேடை, சீட்டு, சிவப்புப் பேனா, கோயம்புத்தூர்த் தங்கை, ஒன்று விடவில்லை.

"அக்கா, அது என் கதை" என்றேன்.

"என்னது?"

"அந்தச் சீட்டைத் திருத்தினது நான்தான். போனது என் பெண்டாட்டி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, ஒருத்தர் கஷ்டத்துல போயா பங்கு கேப்பாக? அந்த மனுசன் இந்தப் பெஞ்சுல உக்காந்து எப்படி அளுதாக தெரியுமா? 'எளுத்துல பிளையப் பாத்தேனே ஒளிய, அவ என்ன எளுதியிருக்கான்னு நான் படிக்கவே இல்லக்கா. தப்பு எம்மேலதான்'னு சொல்லிச் சொல்லி அளுதாக. அன்னைக்கு எனக்கே சோறு எறங்கல." சொல்லி முடிக்கும்போது அவர் குரல் கம்மியது.

அந்த வரியை நான் பஸ்ஸில் சொல்லவில்லை. பஸ்ஸில் மட்டுமில்லை, எனக்குள்ளேகூட ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அது பஸ்ஸில் கேட்டவன் சேர்த்தது. என் கதையில் இல்லாமல் போன ஒரே வரியை அவன் எழுதிவிட்டான், அதுவும் பிழையில்லாமல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இலையை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவரே உள்ளே வந்தார், என் பஸ் சிநேகிதர். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், பஸ்ஸில் உட்காருவதுபோலவே. அக்கா அவருக்கு இலை எடுக்க உள்ளே போனார்.

"விருதுநகர் மாடி ரூம் நீங்கதானா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. எப்படி எனக்குத் தோன்றியது என்று தெரியவில்லை. அந்தத் தெருவில் மூன்று பேர் குரல் கம்மியதும் இந்த அக்கா குரல் கம்மியதும் ஒரே ஆள் வேலை என்று பட்டது.

"கெளக்கு ஜன்னலத் தொறந்து வைக்காதீக. மள பெஞ்சா பாய் நனஞ்சிரும்" என்றார் அவர்.

"எதுக்குய்யா இந்தப் பொழப்பு?"

"எனக்குன்னு சொல்லிக்க ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி. கல்யாணமில்ல, சண்டையில்ல, எதையும் தொலைக்கவுமில்ல. ஒண்ணுமே நடக்காதவன் சாப்பிட்டானான்னு எவன் கேப்பான்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்குக் கோவம் நியாயம்தான். இப்பவே அக்காகிட்ட உள்ளதச் சொல்லிருதேன். நாளையில இருந்து உங்க எடத்துல நீங்களே இருங்க. நான் வேற ஊரு பாத்துக்கிடுதேன்."

சொல்லு என்று வாயைத் திறந்தேன். அக்கா உள்ளேயிருந்து அவருக்கென்று மூடி வைத்திருந்த மீன் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். நாளைக்கு இந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்து, அதே சீட்டை, அதே பேனாவைச் சொல்லுவேன். சொல்லிவிட்டு, எப்படிப்பட்ட பொம்பள பாருங்க என்பேன். எனக்கு என்னைத் தெரியும். அந்தக் கிண்ணம் மறுநாள் வராது.

"வேண்டாம்" என்றேன். "நீங்களே இருங்க."

அக்கா அவர் இலையில் மீனை வைத்தார். "ஏன் இம்புட்டு நேரம்? காணோமேன்னு இப்பத்தான் வாசல எட்டிப் பாத்தேன்" என்று அவரைக் கடிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது சரி, நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே?"

"இவருக்குத் தெரிஞ்ச ஆளு" என்றேன்.