மூன்றாவது தறியில் ஒரு முகம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போன ஆடி அமாவாசை. பகல் மூன்று மணி. அமாவாசைக்கு எங்கள் நெசவாளர் ஊரான பிள்ளையார்பாளையத்தில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே ஊமையாகக் கிடந்தது. எனக்கு அதுதான் வசதி. எங்கள் வீட்டுத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, மடியில் லேப்டாப்பைத் திறந்தேன்.

"அமாவாசையும் அதுவுமா தறியில உக்காந்துக்கினு இருக்கியே, எழுந்துருடி," என்றாள் அம்மா.

இந்த வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். மூடநம்பிக்கையை என்னிடம் பேசாதே என்று கத்தினேன். அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள்.

டைரக்டர் கோவர்தன், வெளியாட்களை லேசில் உள்ளே விடாத ஒரு கம்யூனிஸ்ட் நாட்டில் ஆவணப்படம் எடுத்து வந்திருந்தார். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பட்டு ஆலைக் காட்சியில் எல்லா முகங்களையும் பிளர் செய்வது என் வேலை. ஒரு முகம் விட்டுப்போனாலும் ஓர் உயிர் போகலாம். அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்தேன்.

திரையில், ஆலையின் மூன்றாவது தறியில் ஒரு பெண். முகத்தை மறைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். மறைப்பு விலகியிருந்தது.

மறுபடி மறைத்தேன். மறுபடி விலகியது. இப்போது அவள் நெய்வதை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள்.

முன்பு அப்படிப் பார்க்கவில்லையே...

வீடியோவை நிறுத்தினேன். தறிச் சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்...

ஹெட்போனைக் கழற்றினேன்.

டக்...

குழிக்குள் மிதிகட்டை தானாக இறங்கியது. ஏறியது.

என் பாதத்தின் மேல் இன்னொரு பாதம்.

ஜில்லென்று...

திரையில் அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதுபோல.

எப்படி வாசலுக்கு ஓடி வந்தேன் என்று தெரியாது.

அன்று மாலையே கோவர்தனுக்குப் போன் போட்டேன். "மூணாவது தறிப் பொண்ணு முகத்துல பிளர் நிக்கவே மாட்டேங்குது சார். அவங்களுக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு?"

"எந்தப் பொண்ணும்மா? அந்தத் தறி காலியாதானே இருந்தது?"

தன்னிடம் இருந்த பதிவை அனுப்பினார். தறியில் பாதி நெய்த பட்டு. ஆள் இல்லை.

ஏன் காலியாக இருக்கிறது என்று அங்கேயே அரசாங்க வழிகாட்டியிடம் கேட்டாராம். பிறகு கோவர்தன் சொன்னதை நான் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

"'அப்படி ஒரு பெண் இங்கே இருந்ததே இல்லை'ன்னான். நான் பொண்ணுன்னே சொல்லலம்மா. தறியைத்தான் கேட்டேன்."